வாசலைப் பெருக்காதவள்

சான் லூகாஸ் தெபெத்லா
பிப்ரவரி 12, 2014

அன்புத் தங்கை ஒதிலியாவுக்கு அக்கா எர்லிந்தா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தான் ஃபிலெமோனும் நன்றாக இருக்கிறோம். கோழிகளும் நன்றாக இருக்கின்றன. உன் உடம்பு எப்படி? போய் ஒரு வருஷம் ஆகிறதே, அந்தச் சமவெளி வெயில் இப்போதாவது ஒத்துக்கொண்டதா? தினமும் நெருப்பு முன்னால் நிற்கிறவள் நீ, தண்ணீர் நிறையக் குடி.

போன் போடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சாயோ கடையில் போன் பேசுவதும் கோயில் மணி அடிப்பதும் ஒன்றுதான். முதலில் ஒலிபெருக்கியில் நம் பெயரைக் கூவுவாள். அப்புறம் நாம் பேசி முடிக்கும்வரை உப்பு நிறுக்கிற சாக்கில் பக்கத்திலேயே நிற்பாள். அதனால் வேன்காரர் அபுந்தியோ கையில் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பை காய்ந்த மிளகாய். அங்கே சாப்பாட்டில் உறைப்பே இல்லை என்று புலம்பினாயே, அதற்கு.

நம் வேதுக்குடிலுக்கு இந்த மாதம் மண் பூசினோம். போன மழையில் முதுகுப்பக்கம் விரிசல் விட்டிருந்தது. "இதுக்குள்ள தவழ்ந்து போற வயசா எனக்கு?" என்று உன் அத்தான் முனகிக்கொண்டே பூசினார். காய்ந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டதும் அவர்தான்.

நீ வேலை செய்கிற இடத்தில் வேது பிடிக்கக் காசு வாங்குகிறார்களாமே! அபுந்தியோ சொன்னதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சளி பிடித்தவனும் பிள்ளை பெற்றவளும் போகிற இடத்துக்கு, ஒரு நோவும் இல்லாதவர்கள் காரில் வந்து காசு கொடுத்துப் போகிறார்களா? அங்கே நீ என்னதான் செய்கிறாய் என்று விவரமாக எழுது.

ஜனவரி ஒருவழியாகக் கழிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, உனக்கே தெரியும்.

உன் அக்கா
எர்லிந்தா

மார்ச் 3

என் அக்காவுக்கு ஒதிலியாவின் வணக்கம். உங்கள் இருவருக்கும் சுகம்தானே? அக்கா, மிளகாய் வந்து சேர்ந்தது. சமையல்காரியும் நானும் ஒளித்து வைத்துத் தின்கிறோம். இங்கே வருகிறவர்களுக்கு மிளகாய் ஆகாது, பன்றி ஆகாது, பால் ஆகாது. பூசணி விதையைத் தின்றுவிட்டு "ஆகா" என்பார்கள். இதற்கு 'மறுபிறப்பு இல்லம்' என்று பெயர். வந்ததும் எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள், எங்களுடையதையும் சேர்த்து. அதனால் நீ கடிதம் எழுதியதே நல்லது.

என்ன செய்கிறேன் என்று கேட்டாய். குடிலுக்குள் அவர்களை உட்காரவைத்து, காய்ச்சிய கல்மேல் தண்ணீர் ஊற்றி ஆவி எழுப்புகிறேன். நம் ஊரில் யாராவது வாசல் கம்பளியைத் தூக்கினால் "மூடுடீ, சூடு போகுது" என்று கத்துவோம் அல்லவா? இங்கே வேண்டுமென்றே நான்கு தடவை தூக்குகிறோம். ஒவ்வொன்றுக்கும் கதவு என்று பெயர். முதல் கதவு நன்றி சொல்ல, இரண்டாவது பயத்தை விட, மூன்றாவது இழந்தவர்களுக்கு, நான்காவது திரும்பப் பிறக்க. மேளம் வேறு உண்டு. முதலாளி லியாந்த்ரோ தலைநகரத்துக்காரர், எப்போதும் வெள்ளைத் துணிதான். அவர்தான் இந்த வரிசையை ஏற்படுத்தினார்.

முதல் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை. மூன்றாவது கதவில் எல்லோரும் அழுதுவிடுகிறார்கள் அக்கா. வங்கி மேலாளர்கள், வக்கீல்கள், இவ்வளவு பெரிய ஆம்பிளைகள்! வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். "உங்க கையில ஏதோ இருக்கு ஒதிலியா"ங்கிறார் முதலாளி. எப்படி அழவைக்கிறேன் என்று கேட்காதே, தொழில் ரகசியம்.

அத்தானை முதுகு நிமிர்த்தி நடக்கச் சொல்.

தங்கை
ஒதிலியா

ஏப்ரல் 10

ஒதிலியா,

நான் நன்றாக இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய்.

நேற்று மத்தியானம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நான் கொல்லையில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பாவாடை கட்டிய அமெரிக்காக்காரி ஒருத்தி இறங்கினாள். வாசலில் உன் அத்தான் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். அவள் நம் ஆட்களின் பேச்சைத் தட்டுத்தடுமாறிப் பேசியது எனக்குக் கொல்லை வரைக்கும் கேட்டது.

"நியேவெஸ் வீடு இதுங்களா?"

"அப்படி யாரும் இங்க இல்லீங்களே."

"செத்துப் பொறந்த கொழந்தை. ஒதிலியாவோட கொழந்தை. அக்கா வீட்லதான் பொறந்துச்சுன்னு ஒதிலியா சொன்னாங்க. நான் அவளுக்குத் தொப்பி பின்னிக் கொண்டு வந்திருக்கேன். கல்லறையில வைக்கணும்."

மஞ்சள் கம்பளித் தொப்பி, என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உன் அத்தான் அதைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். நான் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் என்னையும் கட்டிப்பிடித்து அழுதாள். யார் வீட்டுப் பிள்ளைக்கு யாரடி அழுவது?

ஒதிலியாவின் குழந்தையாம்! அடி பாவி, உனக்கு எப்போதடி வயிறு வந்தது?

அந்தப் பெயரை என் வாயால் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். மூன்று வருஷத்துக்கு முன் ஜனவரியில், பிள்ளையை மண்ணுக்குள் வைத்த மறுநாள், பச்சை உடம்போடு இருந்த என்னை நீதான் குடிலுக்குள் கூட்டிக்கொண்டு போனாய். இருட்டில் உன் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னேன். உள்ளே நுழையும்போது மலை உச்சியில் பனி பிடித்திருந்தது ஒதிலியா, அதனால் பனி என்றே, நியேவெஸ் என்று பெயர் வைத்துவிட்டேன், யாரிடமும் சொல்லாதே என்றேன். கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. குடிலுக்குள் பேசியது குடிலுக்குள்ளேயே கிடக்கட்டும் என்றுதானே கடைசியாக வெளியே வருகிறவள் இலைக்கொத்தால் வாசலைப் பெருக்குகிறாள்? அன்றைக்குக் கடைசியாக வந்தவள் நீ. பெருக்கினாயா, இல்லையா?

பதில் எழுது.

எர்லிந்தா

மே 6

ஒதிலியா,

கடிதத்தை உன் கையிலேயே கொடுத்ததாக அபுந்தியோ சத்தியம் செய்கிறார். "படிச்சாங்க, மடிச்சாங்க, உள்ள போயிட்டாங்க" என்றார். சரி, இதையும் படித்து மடித்து வைத்துக்கொள்.

அந்த அமெரிக்காக்காரி சும்மா இருக்கவில்லை. தொப்பியைக் கல்லறையில் வைத்தோமா என்று கேட்கச் சாயோ கடைக்குப் போன் போட்டிருக்கிறாள். என் பெயர் அவளுக்கு ஞாபகமில்லை. ஃபிலெமோன் வீட்டில் நியேவெஸுடைய ஆட்களைக் கூப்பிடுங்கள் என்றிருக்கிறாள். சாயோ யோசிக்கிற ஜென்மமா? ஒலிபெருக்கியை எடுத்தாள். "நியேவெஸ்! நியேவெஸ்! ஃபிலெமோன் வீட்டு நியேவெஸ், உடனே கடைக்கு வரவும், வெளிநாட்டுப் போன்!" ஒரு தடவை இல்லை, யாரும் வராததால் திரும்பத் திரும்பக் கூவினாள். பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. நான் ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையை ஒலிபெருக்கியில் கடைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் அத்தானுடைய அம்மா மதியமே வந்துவிட்டாள். "மூச்சு விடாத பிள்ளைக்குப் பேர் வைக்காதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, வெச்சியா நீ?" என்று கேட்டாள். வைத்தேன் என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

உன் அத்தான் திட்டவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒன்றே ஒன்று கேட்டார். "தங்கச்சிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், எனக்கு மட்டும் ஏன் சொல்லல?" அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசுவதெல்லாம் உப்பு, தண்ணீர், விறகு, அவ்வளவுதான்.

எர்லிந்தா

மே 20

அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். பார்த்துக்கொள்.

இரண்டு கடிதமும் கிடைத்தது. எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை அக்கா. போன வருஷம் ஒருத்தி வந்திருந்தாள், பிள்ளையைப் பறிகொடுத்தவள். குடிலுக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றாள். சூடு ஏறிக்கொண்டே போகிறது. அவளை எழுப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கும் ஒரு பெண் இருந்தாள், நியேவெஸ் என்று பெயர், மூச்சு விடாமலே போய்விட்டாள், நான் எழுந்தேன், நீயும் எழுந்திரு என்றேன். அவள் எழுந்து வந்தாள். உன் கதை என்று சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்ததாகும் என்றுதான் என் கதையாகச் சொன்னேன்.

வெளியே நின்ற முதலாளி அதைக் கேட்டுவிட்டார். "இதை ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லுங்க, இதுதான் நம்ம மூணாவது கதவு" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். இனிமேல் சொல்லமாட்டேன் அக்கா, சத்தியம். அத்தானிடம் நானே வந்து பேசுகிறேன்.

இத்துடன் உனக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறேன். உனக்குப் பிடித்த நீலம்.

ஒதிலியா

ஜூன் 4

ஒதிலியா,

சால்வை வந்தது. அதைவிட அது வந்த துணிப்பைதான் நன்றாக இருந்தது. நீ அவசரத்தில் கைக்குக் கிடைத்த பையில் போட்டு அனுப்பிவிட்டாய் போல. மேலே ஒரு மலை, மலை உச்சியில் பனி. கீழே கொட்டை எழுத்தில் 'நியேவெஸ் குடில்' என்று அச்சடித்திருக்கிறது. அபுந்தியோவிடம் கேட்டேன். பாவம், மறைக்கத் தெரியாத மனுஷன். கிழக்குப் பக்கம் புதிதாகப் பெரிய குடில் கட்டியிருக்கிறார்களாம், அதன் பெயராம். துண்டிலும் அதே பெயராம், சோப்பிலும் அதே பெயராம். கதை முடிந்ததும் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் மேளத்துக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்களாம். வேனில் காத்திருக்கும்போது அவருக்கே கேட்குமாம்.

அடியே, உனக்கு மறந்துபோய்விட்டதா, இல்லை மரத்துப்போய்விட்டதா? ஞானஸ்நானம் வாங்காமல் போன பிள்ளைக்கு ஏன் பெயர் வைக்கக் கூடாது என்பார்கள்? கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் என்றுதானே! அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், கூப்பிட்டால் நின்றுவிடும், அப்புறம் போக வழி தெரியாது. தெரிந்துதான் நான் வைத்தேன். ஒரே ஒரு தடவை, மெதுவாக, இருட்டில், அவள் திரும்பாத அளவுக்குச் சொன்னேன். நீ சனிக்கிழமைதோறும் முப்பது பேரைக் கூட்டி மேளமடித்து அவளைக் கூப்பிடுகிறாய். ஒவ்வொரு வாரமும் என் பிள்ளை நின்று நின்று திரும்பிப் பார்க்கிறாளே! அங்கே அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்று உண்டா? சோப்பு போட்டுக் குளிக்க வந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இனிமேல் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாயே, அந்தப் பையை மடித்தபோது உன் கண் எங்கே போயிருந்தது? சால்வையைச் சாயோவிடம் கொடுத்துவிட்டேன். நியேவெஸ் என்ற பெயர் உன் முதலாளியின் இல்லத்தில் எங்கேயும் இருக்கக் கூடாது. துண்டிலும் இருக்கக் கூடாது, வாயிலும் இருக்கக் கூடாது.

எர்லிந்தா

ஜூலை 15

அக்காவுக்கு,

முதலாளியிடம் கேட்டேன். "அழகான பேரு ஒதிலியா. அழகானது எல்லாருக்கும் சொந்தம். உங்க வலியால எத்தனை பேர் குணமாயிருக்காங்க தெரியுமா?" என்றார். பலகை ஏற்கனவே செதுக்கி மாட்டியாகிவிட்டது, கழற்ற முடியாது என்றும் சொன்னார்.

கதையை நான் நிறுத்தவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். சத்தியம் பண்ணிய அந்த வாரமே மறுபடியும் சொன்னேன்.

நீ திட்டு, தாராளமாகத் திட்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ பெற்றாய், சரி. அவளை முதலில் கையில் வாங்கியது யார்? துடைத்தது யார்? உன் கண்ணில் காட்டும் முன் அந்தச் சின்ன விரல்களைப் பிரித்துப் பார்த்தது யார்? நம் ஊரில் எத்தனை பச்சை உடம்புக்காரிகளுக்கு நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்! ஒருத்தியாவது "நீ எப்படி இருக்கே ஒதிலியா" என்று கேட்டிருப்பாளா? நீ கேட்டாயா? அன்றைக்குக் குடிலை விட்டு வந்த பிறகு அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவிட்டாயா? நான் வாயெடுத்தால் "அடுப்பைப் பாரு" என்றாய். இரண்டு வருஷம் அடுப்பையே பார்த்தேன். இங்கே வந்துதான் அவளுக்காக அழுதேன். என் பிள்ளை என்று சொன்னபோது அது பொய்யாகவே தோன்றவில்லை.

பெருக்கினாயா என்று கேட்டாயே. பெருக்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கையில் தெம்பில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒதிலியா

ஆகஸ்ட் 1

ஒதிலியா,

நீ அவளைத் துடைத்தாய். தெரியும். அதற்காகவே உன்னை என் கூடப்பிறந்தவள் என்பதற்கும் மேலே வைத்திருந்தேன். அழ வேண்டும் என்றால் இங்கே வந்து என் தலைமயிரைப் பிடித்து உலுக்கி, "ஏண்டி பேசவிட மாட்டேங்கிற" என்று கேட்டு அழுதிருக்கலாம். நான் உன்னை அறைந்திருப்பேன். அப்புறம் சேர்ந்து அழுதிருப்போம். நீ டிக்கெட் வாங்கி வந்தவர்களோடு போய் அழுதாய்.

இனிமேல் எழுதாதே. அபுந்தியோவிடமும் சொல்லிவிட்டேன், உன்னிடமிருந்து எதையும் வாங்கி வர வேண்டாம் என்று.

எர்லிந்தா

செப்டம்பர் 28

அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒதிலியா எழுதுவது. இருவரும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். அபுந்தியோ இதை வாங்கவே மாட்டேன் என்றார். காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, மூன்றாவது கதவு திறந்தது. கல் வந்தது. தண்ணீர் ஊற்றினேன். எல்லோரும் கதைக்குக் காத்திருந்தார்கள். எனக்குச் சொல்ல வரவில்லை. உன் பிள்ளை வாசலில் நின்று பார்க்கிற மாதிரியே இருந்தது. "இன்னைக்கு இழந்தவங்களுக்கு எதுவும் இல்லை, எல்லாரும் வெளியே போங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரு அம்மாள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டாள். அன்று மாலையே முதலாளி என் துணிமணிகளை வாசலில் வைத்துவிட்டார்.

இப்போது இங்கேயே, பக்கத்து ஊருக்குள், தோர்த்தியா ரொட்டி சுடுகிற ஒரு கடையில் மக்காச்சோள மாவு பிசைகிறேன். ஆனால் நான் அங்கிருந்து வெளியே வந்ததால் எதுவும் நிற்கவில்லை அக்கா. அங்கே புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள், தலைநகரத்தில் நாடகத்தில் நடித்தவள். நான் சொன்னதை வரி விடாமல் மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். இப்போது அவளுக்குத்தான் நியேவெஸ் என்று ஒரு பெண் இருந்தாளாம். என்னைவிட நன்றாக அழுகிறாளாம், சமையல்காரி சொன்னாள். சனிக்கிழமை மேளச்சத்தம் கடை வரைக்கும் கேட்கிறது. காதைப் பொத்திக்கொள்கிறேன்.

நான் எடுத்துக் கொடுத்ததை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை. நவம்பரில் இறந்தவர்கள் நாளுக்கு நம் ஊருக்கு வரலாமா? வராதே என்றால் வரமாட்டேன்.

ஒதிலியா

அக்டோபர் 20

ஒதிலியா,

இங்கே எல்லோரும் நலம். நீ மாவு பிசைகிற கடையில் கைக்கு எண்ணெய் தடவிக்கொள், சோளம் வேகவைக்கிற சுண்ணாம்பு தோலை அரித்துவிடும்.

உன் கடிதத்தை உன் அத்தானிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். புதியவள் வந்து அழுகிறாள் என்ற இடத்தில் ஆத்திரத்தில் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டேன். அவர் எழுந்து போய் விறகு பிளந்தார். நான்கு நாளைக்கு வேண்டியதை ஒரே மூச்சில் பிளந்தார். அப்புறம் குடிலை மூட்டினார். "வா, போகலாம்" என்றார். மே மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

இருட்டில் எதிரெதிரே உட்கார்ந்தோம். தண்ணீர் ஊற்றினேன், ஆவி இறங்கியது. அப்புறம் சொன்னார். "நானும் ஒரு பேர் வெச்சிருந்தேன்டி."

பெட்டி செய்யும்போது வைத்தாராம். அவ்வளவு சின்னப் பெட்டிக்குப் பலகை இழைக்கும்போது வாயில் தானாக வந்ததாம். "அம்மா கத்துவாங்கன்னு சொல்லல. உங்கிட்ட சொன்னா நீ தாங்கமாட்டேன்னு சொல்லல. நீ வெச்சதை எங்கிட்ட மறைச்சியேன்னு அஞ்சு மாசமா உன்மேல கோவமா இருந்தேன். நானும் மறைச்சவன்தான்" என்றார். நான் அவரை அடித்தேன். இருட்டில் எங்கே பட்டதோ தெரியாது. அப்புறம் அந்தப் பெயரைக் கேட்டேன். சொன்னார்.

இருவரும் சேர்ந்து அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டோம். ஒரே தடவை, மெதுவாக. கூப்பிட்டுச் சொன்னோம். "கண்ணு, இனிமே இதுதான் உன் பேரு. அப்பா வெச்சது. அந்தப் பழைய பேரை யாரு மேளமடிச்சுக் கூப்பிட்டாலும் நீ நிக்காத, திரும்பாத. அது உன்னை இல்ல. நீ பாட்டுக்கு நட." அவரை முதலில் வெளியே போகச் சொன்னேன். கடைசியாக நான் வந்தேன். இலைக்கொத்தை எடுத்து வாசலைப் பெருக்கினேன். சந்தேகம் தீராமல் இன்னொரு தடவையும் பெருக்கினேன்.

ஆகவே நியேவெஸை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பலகையில் செதுக்கட்டும், சோப்பில் அச்சடிக்கட்டும், தொண்டை கிழியக் கத்தட்டும். அங்கே திரும்பிப் பார்க்க யாருமில்லை.

வரலாமா என்று கேட்டாய். வா. நம் அப்பா கட்டிய வீடு, உனக்கும் பாதி உண்டு. உன் பாய் பரணில் அப்படியே இருக்கிறது. வந்தால் விறகு உடை, கல்லைக் காய்ச்சு, தண்ணீர் கொண்டுவந்து வை. நாங்கள் உள்ளே போகும்போது நீ வெளியே இரு. எத்தனை நாளைக்கு என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

அத்தான் என்ன பெயர் வைத்தார் என்று நீ இந்நேரம் மனதுக்குள் கேட்டிருப்பாய். உன்னிடம் சொல்லமாட்டேன்.

மலையில் குளிர் தொடங்கிவிட்டது. கம்பளி எடுத்துக்கொண்டு வா.

அக்கா
எர்லிந்தா